நம்லாக் விளக்கு

மூன்று மின்விசிறிகளும் சுழன்றன. மதர்போர்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே இருந்த சின்ன ஸ்பீக்கர் ஒரே ஒரு முறை ‘பீப்’ என்றது. ஒரு பீப் என்றால் எல்லாம் சரி என்று பொருள். ஆனாலும் மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் அவன். ரேம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்தினான். கறுப்பு. வட்ட பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் பொறுத்துத் திரும்பப் போட்டான். கறுப்பு. பிராசஸரின் மேலிருந்த பசையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தபோது, சன்னல் சாத்திய அந்த மத்தியான அறை முழுவதும் ஆஸ்பத்திரி வாசனை பரவியது. அவன் அவசரமாகப் பாட்டிலை மூடினான்.

இது அக்காவின் அறை. அக்கா போய் நான்கு மாதம் ஆகிறது. அக்கா மகள் அவனோடு பேசாமல் இருப்பதும் நான்கு மாதமாகத்தான். அவள் கல்லூரிப் படிப்புக்கென்று அவன் தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொண்டுவந்த இந்தப் பெட்டி எப்படியாவது அவளைப் பேச வைத்துவிட வேண்டும்.

“என்ன மாமா, பெரிய சர்ஜன் மாதிரி கழட்டிக் கழட்டி மாட்டுறீங்க. நோயாளி எந்திரிக்கக் காணோமே?”

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த அந்தக் கிண்டல் அவனுக்கு இனித்தது. உற்சாகமாக விளக்கத் தொடங்கினான்.

“படம் வரலைன்னா செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடக் கூடாதும்மா. உள்ள உசிரோட இருக்கும், வெளிய காட்ட வழி இல்லாம கெடக்கும். அதுக்கு ஒரு சோதனை இருக்கு. கீபோர்டுல நம்லாக்க அழுத்து. விளக்கு மாறுச்சுன்னா, நாம சொல்றது அதுக்குக் கேக்குதுன்னு அர்த்தம்.”

அழுத்தினாள். விளக்கு அணைந்தது. மறுபடி அழுத்தினாள். எரிந்தது.

“பாத்தியா? நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருக்கு!”

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

“அன்னைக்கு நானும் இதத்தானே மாமா சொன்னேன்?” என்றாள்.

பக்கவாதம் வந்து பதினொரு நாள் கண் திறந்தபடி கிடந்தாள் அக்கா. ‘அம்மா கண்ணச் சிமிட்டுது மாமா. ஆமான்னா ஒரு தடவ, இல்லைன்னா ரெண்டு தடவ. நீங்களும் ஒண்ணு கேட்டுப் பாருங்க.’ அது வெறும் நரம்புத் துடிப்பு என்று சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டு, மூச்சுக் குழாயை எடுக்கச் சம்மதம் எழுதிக் கொடுத்தான் அவன். கடைக்கு வந்த எந்தப் பெட்டியையும் ஒரு சோதனைகூடச் செய்யாமல் அவன் ஒதுக்கிப் போட்டதில்லை. அக்காவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவள் கீபோர்டிலிருந்து விரலை எடுத்தாள்.

விளக்கு தானாக அணைந்து எரிந்தது.

“லூஸ் கனெக்‌ஷன்” என்றான்.

“அம்மா?”

ஒரு முறை.

“மாமா வந்திருக்காரு. தெரியுதா?”

ஒரு முறை.

“அன்னைக்கு நீ தூங்கிட்டா இருந்த?”

இரண்டு முறை.

“நாங்க பேசினதெல்லாம் கேட்டுச்சா?”

ஒரு முறை.

அவன் மண்டியிட்டு, மின்வயரைப் பிடுங்கிவிடலாம் என்று பெட்டியின் பின்னால் கையை விட்டான். அப்போதுதான் கண்ணில் பட்டது. மானிட்டர் கேபிள் மதர்போர்டின் துளையில் இருந்தது. கடைக்கு வருவதெல்லாம் கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் பெட்டிகள். கை அந்தப் பழக்கத்தில் அங்கேயே செருகிவிட்டது. இதைப் போலக் கார்டு போட்ட பெட்டியில் படம் கார்டின் வழியாகத்தான் வெளியே வரும். கேபிளைக் கழற்றி, ஒரு சாண் கீழே, கார்டின் துளையில் செருக வேண்டும். அவ்வளவுதான் பழுது.

அப்படியானால் முதல் நிமிடத்திலிருந்தே படம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பார்க்கத்தான் ஆளில்லை.

கேபிளைக் கழற்றினான். செருகவில்லை.

“குடுங்க மாமா.”

“வேணாம்மா. விடு.”

வாங்கினாள். செருகினாள்.

திரை வெளுத்தது. வெள்ளைக் கூரை. ஒரு குழல்விளக்கு. கீழே படுத்திருந்து பார்க்கும் பார்வை. அசையாத பார்வை. ஓரத்திலிருந்து ஒரு முகம் குனிந்து உள்ளே வந்தது. அவன் முகம். ‘எடுத்துடலாங்களா?’ என்று யாரோ கேட்டார்கள்.

படம் இருண்டு தெளிந்தது. இருண்டு தெளிந்தது. இரண்டு முறை. மறுபடி இரண்டு முறை. மறுபடி, விடாமல், வேகமாக, இரண்டிரண்டாக.

திரையில் இருந்தவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.