மீதம்: ஒன்று

அடுத்த அறையில் கிரேயான் தாளில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது; ஆனால் கூடவே வரும் முணுமுணுப்புப் பாட்டு நின்றுபோயிருந்தது. ஐந்து வயது மகள், வீட்டில் அவள் பெயர் வாண்டு. கை ஓடினால் அவளுக்கு வாயும் ஓடும். பாடாமல் அவள் படம் வரைந்து அவன் பார்த்ததே இல்லை. விடுமுறை நாளின் பிற்பகல், வெயிலில் காய்ந்த ஜன்னல் திரையின் துணி வாசனை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டொக்கென்று தட்டும் மின்விசிறி, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பாட்டு மட்டும் இல்லை. வாய் வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தான்.

நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது. எழுத்துகள் சரசரவென்று ஓடின.

காலியாகிக்கொண்டிருந்தது, மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்க அலுவலகம் இணையத்தில் வைத்திருந்த சோதனைக் கணக்கு. கிளவுடில் வாடகைக்கு எடுத்த கணினிகள், சேமிப்பு இடங்கள், யாரோ தொடங்கி மறந்துபோன குப்பைகள் எல்லாம் அதில் கிடந்தன. அதைக் காலி செய்வதற்கென்றே ஒரு திறந்த மூல மென்பொருள் உண்டு. முகம் தெரியாத புண்ணியவான்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவைத்தது. ஏவிவிட்டால் ஒரு சுற்று துடைக்கும், மீதத்தை எண்ணும், மறுபடி துடைக்கும். ஒன்றுமில்லை என்று ஆகும்வரை ஓயாது. இந்த வேலை எப்போதும் அவன் தலையில்தான் விழும். அதனால் குழுவில் அவனுக்குப் பெயரே துடைப்பம்.

எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் விதிவிலக்குப் பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அதைக் குழுவே படித்துச் சரி சொல்ல வேண்டும். வினை அங்கேதான் இருந்தது. வாண்டு பிறந்த நாளிலிருந்து அவள் அறைக் கேமரா எடுத்த படங்கள் அத்தனையையும் அவன் அந்தக் கணக்கில்தான் பதுக்கிவைத்திருந்தான். ஓசியில் கிடைத்த இடம்! எழுதினால் எல்லோரும் பார்ப்பார்களே, ‘அட, துடைப்பமே குப்பை போட்டிருக்கு’ என்று சிரிப்பார்களே. நினைத்தாலே காது சுட்டது. படம்தானே போகும், பிள்ளையா போகப்போகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஏவுவதற்கு முன், உறுதிப்படுத்த, கணக்கின் பெயரை இரண்டு முறை தட்டச்சு செய்யச் சொல்லி மென்பொருள் கேட்டிருந்தது. கை அதுபாட்டுக்குத் தட்டியிருந்தது.

கிரேயான் சத்தமும் நின்றது.

எழுந்து போனான். நடையில், வாண்டு வளர வளர உயரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்த சுவர் வழவழவென்று சுத்தமாக இருந்தது. விரலால் தடவினான். கோடு இருந்த தடமே இல்லை. வாசலில் பெரிய செருப்புகள் மட்டும் கிடந்தன.

அறையில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

“அப்பா, கலர் வர மாட்டேங்குது.”

குரல் மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் வந்தது. ஜன்னல் வெளிச்சம் அவள்மேல் நேராக விழுந்தது. தரையில் நிழல் இல்லை. அவளை வாரி எடுத்தான். புத்தகம் இல்லாத பள்ளிப் பைபோல் லேசாக இருந்தாள்.

அவளை மடியில் வைத்துக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்தான். எழுத்துகளின் ஓட்டம் நின்றிருந்தது.

மீதம்: ஒன்று. நீக்க முடியவில்லை. வேறொன்று இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவன் வலது கையைப் பார்த்தான். அதற்குள் அவளுடைய விரல்கள் இருந்தன.

இடது கையால் மனைவியை அழைத்தான். அவள் மருத்துவமனையில் நர்ஸ். பகல் பணியில் இருந்தாள்.

“பாப்பாவுக்கு என்னமோ ஆகுது.”

“எந்தப் பாப்பா? வார்டுல இருக்கிற பாப்பாவா?”

“நம்ம வாண்டு!”

“என்னங்க உளர்றீங்க? தூக்கத்துல இருந்து எழுந்தீங்களா? டியூட்டில இருக்கேன், வைங்க.”

ஏவிய வேலை அலுவலகக் கணினியில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த ஒன்றை நீக்க மறுபடி மறுபடி முயன்றபடி. அதை நிறுத்தும் உரிமை டீம் லீடருக்கு மட்டும்தான். அவரை அழைத்தான். தட்டுகள் உரசும் சத்தம், சிரிப்புச் சத்தம்.

“என்ன துடைப்பம், பெருக்கி முடிச்சாச்சா?”

“சார், அதை நிறுத்தணும். இப்பவே.”

“ஏன்? அதுல உன்னோடது ஏதாச்சும் இருக்கா?”

“சார்... ஸ்பீக்கர்ல இருக்கீங்களா?”

“நம்ம ஆளுங்க எல்லாம் சாப்பிட வந்திருக்காங்க. அட, சொல்லுப்பா.”

யாரோ ஏதோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம் என்பது தொண்டைவரை வந்துவிட்டது. வாண்டு நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். அவனுக்குக் காது சுட்டது, கன்னம் சுட்டது, கழுத்து சுட்டது.

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? ஓடட்டும் விடு.”

“இருக்கு சார்! என் பொண்ணு சார்!” என்று கத்தினான். இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

அவள் உதடு அசைந்தது. அப்பா. சத்தம் இல்லை.

மறுபடி அழைத்தான். மணி அடித்தது. அடித்தது. எடுக்கவில்லை.

மடி.

மடியில் கனம் இல்லை.

திரை. மீதம்: பூஜ்யம்.

மின்விசிறி டொக்கென்று தட்டியது.

பொழுது சாயும் நேரத்தில் மனைவி வந்தாள். விளக்கைப் போட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தாள். சிவப்பு நிறத்தில், ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு ஜோடி ஷூ.

“வர்ற வழியில கடையில பாத்தேன், வாங்கிட்டேன். யாருக்குன்னுதான் தெரியல. எனக்கென்ன பைத்தியமா?”

அவனும் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் முகம் மட்டும் திகுதிகுவென்று எரிந்தது. வெட்கம். தலை நிமிர முடியாத வெட்கம். எதற்கு என்றுதான் நினைவில்லை.

“ஏன் கையை அப்படி மடக்கி வச்சிருக்கீங்க? உள்ள என்ன?”

வலது கைக்குள் ஏதோ இருந்தது. குளிர்ந்த, மெழுகுப் பிசுக்கு ஒட்டிய, சின்னச் சின்ன விரல்கள்.

“ஒண்ணுமில்ல” என்று சொல்லி, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

விரல்கள் இறுக்கிப் பிடித்தன.