கொம்பைப் பிடிக்காத கை

கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் இருக்க வேண்டிய முகமூடி இல்லை.

முதலில் பார்த்தது காவலாளிதான். மின்சாரம் போனதும் ஜெனரேட்டரைப் போடப் பின்பக்கம் போனவன், திரும்பி வந்து கூடத்தின் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பிறகு அதுவே அவனுக்கு எதிராகப் போயிற்று.

பழங்குடியினர் அருங்காட்சியகத்தில் அன்று பதினொரு மணிக்குச் சின்ன விழா. அந்த மர முகமூடியை, அதற்கு உரிய மலைமக்களிடம் திருப்பித் தருவதாக ஏற்பாடு. வீட்டில் ஒருவர் இறந்தால், மிஞ்சியிருப்பவர் அதை அணிந்து வாசலில் நிற்பார். போகிறவருக்கு அழாத முகம் ஒன்றாவது தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முகமூடி இங்கே வந்த பிறகு அந்த மலையில் யாரும் அப்படி நிற்கவில்லை. வாங்கிப்போக வந்திருந்தவள் போன மாதம் கணவனை இழந்தவள். காவலாளியின் அக்கா.

இன்ஸ்பெக்டர் ஒன்பதரைக்கு வந்தார். காலடிச் சத்தம் கேட்காமல் நடக்கும் பெண்மணி. வெளிக்கதவைப் பூட்டச் சொன்னார்.

"கண்ணாடிப் பெட்டிச் சாவி எங்க இருக்கும்?"

"என் மேசை டிராயர்ல," என்றார் காப்பாட்சியர்.

"டிராயருக்குப் பூட்டு?"

"அதை யாரும் தொட மாட்டாங்க மேடம்."

"தொட்டிருக்காங்களே."

காப்பாட்சியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். விளக்கு அணைந்து சில நிமிடங்கள்தான். கேமராக்களும் அணைந்தன. உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். காவலாளி ஜெனரேட்டர் அறையில், காப்பாட்சியர் மாடிப்படியில், வழிகாட்டி பட்டறையில். அவரவர் சொன்னது அது. சாட்சி யாருக்கும் இல்லை.

"முகமூடியைத் திருப்பித் தர்றதுல உங்களுக்கு இஷ்டமா?"

"இல்லை," என்றார் காப்பாட்சியர் உடனே. "ஆனா தர வேண்டியது. கையெழுத்துப் போட்டதே நான்தான்."

இன்ஸ்பெக்டர் காலிப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "ரெண்டு கொம்பு இருக்கும், இல்ல? அதைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிருப்பானா?"

காப்பாட்சியர் முகம் சுளித்தார். "பழைய மரம் மேடம், கையோட வந்துடும். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் கொடுத்துடுவோம். ரெண்டு உள்ளங்கையும் அடியில. பிறந்த குழந்தையைத் தூக்குற மாதிரி. அப்புறம் கைக்கே அது பழகிடும்."

கான்ஸ்டபிள் தேடிக் களைத்து வந்தார். சுவர் முழுக்க முகமூடிகள். "எல்லாம் என்னையே பாக்குற மாதிரி இருக்கு மேடம்."

"நீங்க வேலை பாக்குறீங்களான்னு பாக்குது. என்ன கிடைச்சுது?"

"ஒண்ணுமில்ல. பட்டறையில ஒரு பக்கெட் காகிதக்கூழ். சிவப்பா கலங்கிக் கிடக்கு. அதுலதான் நகல் செய்வாங்களாம்."

அடுத்தது காவலாளி. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான்.

"போன வாரம் ஒரு ஆள் உன்கிட்ட இதுக்கு விலை பேசினான். கேமராவுல இருக்கு."

"பேசினான். போடான்னேன்."

"மேலே ஏன் சொல்லல?"

"சொன்னா நான்தான் விலை பேசினேன்னு சொல்வீங்க. இப்ப சொல்றீங்க பாருங்க."

"ஜெனரேட்டர் போட்டியா?"

"போடறதுக்குள்ள கரண்ட் தானா வந்துடுச்சு. என்ன கரண்டோ. எதிர்க்கடை ரேடியோ அது பாட்டுக்குப் பாடிட்டே இருந்துது."

சுவரோரம் நின்ற அக்கா முதல்முறையாகப் பேசினாள். "எங்க வீட்டுப் பொருளை எங்க வீட்டுக்காரனே ஏம்மா திருடணும்? இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தா நீங்களே மாலை போட்டுக் குடுக்கப் போறீங்க."

"நீங்க கேட்டா தருவான். காசு குடுத்து வாங்குறவன் கேட்டா?"

அவள் தம்பியின் கையிலிருந்த தொப்பியை வாங்கி, கசங்கலை நீவி, திரும்பக் கொடுத்தாள்.

பட்டறையில் வழிகாட்டி அவசரத்தில் இருந்தான். ஊழியர்கள் அவனை 'ஸ்பீக்கர்' என்பார்கள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்ப்பதற்கான நகல்கள்.

"வேன் வந்து நிக்குது மேடம்! பிள்ளைங்க காத்திருக்காங்க!"

"எனக்குக் காது நல்லா கேக்கும். எல்லாத்தையும் வெளிய எடுங்க."

எடுத்தான். பானையை விளிம்பைப் பிடித்துத் தூக்கினான். மேளத்தை வாரைப் பிடித்து இழுத்தான். மரக்குதிரை வாலில் தொங்கியபடி தலைகீழாக வந்தது. முகமூடியை இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் வைத்தான்.

"இது?"

"நகல் மேடம். இங்க பாருங்க, பச்சைப் புள்ளி. நகல்னா உள்பக்கம் ஒட்டிடுவோம்."

பானையிலும் இருந்தது. குதிரையிலும் இருந்தது. இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஸ்பீக்கர் பெட்டியை மறுபடி கட்டினான்.

பத்தே முக்கால். விழாவுக்கு வந்தவர்கள் வெளியே சலசலத்தார்கள். வேறு வழி தெரியவில்லை. காவலாளியை ஜீப்பில் ஏற்றச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அக்கா குறுக்கே வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் தம்பியைக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

முன்கூடத்தில் அறிக்கை எழுத இடம் வேண்டியிருந்தது. விற்பனை மேசை மீதிருந்த யானை பொம்மையைக் காப்பாட்சியர் தும்பிக்கையைப் பிடித்துத் தூக்கித் தரையில் வைத்தார்.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "இதை மட்டும் இப்படித் தூக்குறீங்க?"

"இது கடைச் சரக்கு மேடம். உடைஞ்சா இன்னொண்ணு."

வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஓடினார். இந்த முறை காலடிச் சத்தம் நன்றாகவே கேட்டது.

"இறக்கு அந்தப் பெட்டியை."

"மேடம், பிள்ளைங்க..."

"காத்திருக்கட்டும். முகமூடியை எடு." அவன் எடுத்தான். கீழே வைக்கச் சொன்னார். "இப்ப கொம்பைப் பிடிச்சுத் தூக்கு. நகல்தானே. உடைஞ்சா இன்னொண்ணு."

எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஸ்பீக்கரின் கை கொம்பு வரை போனது. விரல்கள் விரிந்தன. மூடவில்லை. கை கீழே இறங்கி, தானாக அடிப்பக்கத்தைத் தேடியது.

"அதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "பானை, மேளம், குதிரை எல்லாத்தையும் கறிகாய் மாதிரி அள்ளின. இதை மட்டும் குழந்தை மாதிரி ஏந்தின. பச்சைப் புள்ளியைப் பிரிச்சு ஒட்ட உனக்குத் தெரிஞ்சுது. பழகின கையை ஏமாத்தத் தெரியல."

"மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?" என்று காப்பாட்சியரைக் கேட்டார்.

"பட்டறைக் கதவுக்குப் பக்கத்துல."

"ஊருக்கே கரண்ட் போயிருந்தா எதிர்க்கடை ரேடியோ பாடுமா? அணைச்சது இவன். சாவியை எடுத்து, நிஜத்தைத் தூக்கிட்டு, சாவியைத் திரும்ப வெச்சுட்டு, விளக்கைப் போட்டுட்டான். நகலை நொறுக்கிக் கூழ்ப் பக்கெட்ல ஊறப் போட்டான். அந்தச் சிவப்பு, நகல் மேல இருந்த சாயம். பெட்டி பள்ளிக்குப் போற வழியில ஒரு ஆள் நிப்பான். காவலாளிகிட்ட விலை படியாதவன், இவன்கிட்ட வந்திருப்பான்."

ஸ்பீக்கர் ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஜீப்பில் ஆள் மாறினார்கள். இறங்கிய காவலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டான். இன்ஸ்பெக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல், "கத்தியிருக்கலாம் நீ," என்றார்.

"குரல் வரல மேடம்."

அவர் அக்காவிடம் திரும்பினார். "கோர்ட்ல கேட்டா கொண்டுவரணும். எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி, இது உங்களுதுதான்னு அடையாளம் காட்டணும்."

அக்கா முகமூடியை ஒரு கொம்பில் பிடித்து, வீட்டுச் சாமானைத் தூக்குவதுபோல் தூக்கினாள்.

"ரெண்டு கையால..." என்று தொடங்கிய காப்பாட்சியர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

கொம்பு கழலவில்லை. அவள் புள்ளியை நகத்தால் கிள்ளி எறிந்தாள். பிறகு முகமூடியை முகத்தில் பொருத்தி வாசல் பக்கம் திரும்பி நின்றாள். மூக்கு, நெற்றி, தாடை எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. மரத்தின் பின்னால் தோள்கள் குலுங்கின.

முகம் அழவில்லை. தம்பி தொப்பியைக் கழற்றினான்.