கண்ணாடிக் கொக்கி தாங்கிய வாள்

"எங்கப்பா திருடர் இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். அருங்காட்சியகக் காவலாளியின் மகள்.

துப்பறிவாளரை ஊரார் நிதானம் என்பார்கள். அவர் கூடவே அலையும் அவருடைய மனைவியின் தம்பியை அவசரம் என்பார்கள். அவள் மேலே பேசுவதற்குள் அவசரம் செருப்பை மாட்டிவிட்டான்.

"ராஜா வாளை மாட்டியிருந்த கண்ணாடிக் கொக்கி ரெண்டும் உடைஞ்சு, வாள் பெட்டிக்குள்ளயே கீழ கிடந்துச்சு. அப்பாதான் திருடப் பார்த்தார்னு அதிகாரி சொல்றார். சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாராம். ஒரு கையில வாளு, ஒரு கையில துணின்னு, புள்ளையக் குளிப்பாட்டற மாதிரி அப்பா அதை வாராவாரம் துடைப்பார் சார்."

மூவரும் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அதிகாரி அங்கே புதியவர். "நல்லவேளை, வாள் தப்பிச்சுது. தூக்கிப் பாருங்க!" என்றார் பெருமையாக.

அவசரம் இரண்டு கையாலும் தூக்கினான். தோள்பட்டை இறங்கிவிட்டது. "அம்மாடி! அந்தக் காலத்து ஆளுங்க மலையையே முழுங்கியிருப்பாங்க மாமா."

"பின்னே? பத்து கிலோ இல்லாம ராஜா வாளா?" என்றார் பக்கத்தில் நின்ற நாடகச் சாமான் செய்பவர். நாடகத்துக்காக அதேபோல் ஒன்று செய்ய, கண்ணாடிக்கு வெளியே நின்று அளவெடுத்து வந்தவர்.

நிதானம் உடைந்த கொக்கியை எடுத்துப் பார்த்தார். பென்சில் கனம்தான் இருந்தது. "நேத்து கடைசியா இங்க யாரு?"

"இவர்தான் சார்" என்று சாமான் செய்பவரைக் காட்டினார் தலைகுனிந்திருந்த காவலாளி. "பின்னாடி குழாய் உடைஞ்சு தண்ணி கொட்டுதுன்னார். ஓடினேன். சாவியை மேஜையில விட்டுட்டேன்."

எல்லாரையும் நாடகக் கொட்டகைக்கு அழைத்துப் போனார் நிதானம். சுவர் நிறைய தகர வாளும் அட்டை வாளும் தொங்கின. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார். வெள்ளித்தாள் ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. தாளை உரித்தார். உள்ளே கருத்த எஃகு தெரிந்தது.

"பிடி."

பத்து கிலோ என்று மூச்சைப் பிடித்துத் தூக்கினான் அவசரம். வாள் விருட்டென்று மேலே போய் விளக்கை உடைத்தது.

"நாள் முழுக்கச் சண்டை போடறவன் பத்து கிலோவை எப்படிடா வீசுவான்? நிஜ வாள் ஒரு கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே. அதனாலதான் இந்தக் கொக்கி இத்தனை வருஷம் தாங்குச்சு. காவலாளி ஒரு கையிலயே பிடிச்சுத் துடைச்சார். போலியை அவர் செஞ்சிருந்தா இவ்வளவு கனமாவா செஞ்சிருப்பார்?" சாமான் செய்பவரிடம் திரும்பினார். "கீறல் வரைக்கும் கச்சிதம் ஐயா. கண்ணாடி வழியா கனம் மட்டும் தெரியாது. நிஜத்தைக் கையில எடுத்தப்பதான் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள இவர் திரும்பி வர்ற சத்தம். கனமானதையே மாட்டிட்டுக் கிளம்பிட்டீங்க. கொக்கி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துக் கைவிட்டுடுச்சு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

சாமான் செய்பவர் பின்னாலிருந்த அட்டைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். அதுவும் அவரைத் தாங்கவில்லை.

"அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சுடுங்க" என்று அதிகாரி காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள் மகள்.

"இரும்மா. பசை ஒட்டியிருக்கு பாரு." காவலாளி ஒரு கையில் வாளை வாங்கிக்கொண்டு, மறு கையால் தோள் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கத்தான் கை மிச்சமில்லை; அதை மகள் துடைத்துவிட்டாள்.