சிங்கம் காய்ந்த அறை

“ஏம்பா, சட்டை இறுக்கமா இருக்குன்னு கடைக்காரர்கிட்ட சொல்லி மாத்திக்கலாம்ல?”

“எதுக்கும்மா அவருக்குத் தொந்தரவு? நான் கொஞ்சம் மூச்சை உள்ள இழுத்துக்கறேன். சரியாப் போயிடும்.”

“எத்தனை நாளைக்கு இழுத்துக்குவீங்க?”

“சட்டை கிழியற வரைக்கும்.”

போன வருஷம் மிளகுக்கும் அவள் அப்பாவுக்கும் நடந்த பேச்சு இது. இந்தக் கோடையின் முதல் வாரத்தில் அது அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாத அப்பாவை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மிளகு என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. ஆள் சின்னதாக இருந்தாலும் பேச்சு சுருக்கென்று இருக்கிறதே என்று அம்மா வைத்த செல்லப் பெயர். பத்து வயதாகியும் அது அவளை விட்டுப் போகவில்லை.

அப்பா இரவுப் பேருந்து ஓட்டுபவர். ஊரெல்லாம் குறட்டை விடும்போது அவர் கண் விழித்திருப்பார். ஊர் எழுந்ததும் வந்து படுப்பார். காலை எட்டு மணிக்குப் படுத்தால் மாலை நான்கு வரை தூங்க வேண்டும். அம்மாவுக்கு மருந்துக் கடையில் வேலை. அதனால் பள்ளி விடுமுறை விட்டால், அப்பாவின் தூக்கத்துக்கு மிளகுதான் காவல். சொட்டும் குழாய்க்கு அடியில் துணி வைப்பாள். கதவைத் தட்ட வருபவர்களை ஜன்னல் வழியாகவே கையசைத்து அனுப்பிவிடுவாள்.

வெயில் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அது இரண்டே தளம் கொண்ட கட்டடம். இவர்கள் இருந்தது மேல்தளத்தில். தலைக்கு மேல் கூரை, கூரைக்கு மேல் சூரியன். நடுவில் வேறு யாரும் இல்லை. பதினோரு மணிக்கெல்லாம் படுக்கையறை கொதிக்க ஆரம்பித்துவிடும். மின்விசிறி சுற்றும். ஆனால் அந்தச் சூட்டையே எடுத்துத் திரும்ப முகத்தில் கொட்டும்.

ஒரு நாள் காலை அப்பா வந்ததும் வராததுமாக நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

“நேத்து ஒரு நிறுத்தத்தை விட்டுட்டேன்,” என்றார் மெதுவாக. “நிறுத்தணும்னே தோணல. பின்னாடி இருந்து எல்லாரும் சத்தம் போட்ட பிறகுதான் பிரேக் போட்டேன்.”

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். “தூங்கிட்டீங்களா?”

“இல்ல. ஆனா முழிச்சிட்டும் இல்ல.”

பேருந்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது மிளகுக்குத் தெரியும். அப்பாவையும் சேர்த்தால் நாற்பத்தொன்று.

“கீழ் வீட்டுல ஒரு மூலை கிடைச்சாப் போதும்,” என்றார் அப்பா. “அவங்களுக்குத் தலைக்கு மேல நாம இருக்கோம். வெயில் நம்மளோட நின்னுடும். ஜில்லுன்னு இருக்கும்.”

“கேட்டுப் பாருங்களேன்.”

“கீழ் வீட்டு அண்ணன் வேலை செய்யற இடம் அது. அங்க வந்து படுத்துக்கறேன்னு எப்படிக் கேட்கறது?”

“வாயாலதான்,” என்றாள் அம்மா.

“வேண்டாம்மா. அவர் முடியாதுன்னு சொல்லத் தெரியாத மனுஷன். கஷ்டப்பட்டுக்கிட்டே சரின்னுடுவார். மிளகு, நீயும் போய்ச் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

“சொல்ல மாட்டேம்பா,” என்றாள் மிளகு. வேறு என்ன சொல்வது?

சொல்லத்தானே கூடாது? ஏதாவது செய்து பார்க்கலாம் அல்லவா? அன்றே வேலையில் இறங்கினாள். ஜன்னலில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டாள். அரை மணி நேரம் அருமையாக இருந்தது. அதன் பிறகு போர்வையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அப்பாவின் காதுக்குள் விழுந்தது. மொட்டை மாடியில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றினாள். தளம் சுர்ரென்று குடித்துவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்பது போலக் கிடந்தது.

சுவரில் மாட்டும் ஒரு வெப்பமானியை அம்மா கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். மிளகு அதை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். காற்று வரட்டும் என்று இவர்கள் நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததுதான் தப்பு என்று அப்போது தெரிந்தது. வெளியே இருந்த சூடெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. மறுநாள் வெயில் ஏறும் முன்பே ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். அப்பா ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்.

ஆனால் உச்சி வேளையில் கூரையே சூட்டை இறக்கியது. படுக்கையறை முப்பத்தெட்டு டிகிரி. சமையலறை முப்பத்தேழு. சாப்பாட்டு மேசைக்கு அடியில் முப்பத்தாறு. அப்பா தலையணையோடு மேசைக்கு அடியில் போனார். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அங்கேயும் தூக்கம் வரவில்லை. புரண்டால் மேசைக்கால் இடித்தது.

அன்று மதியம் பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடிக்க மிளகு கீழே இறங்கினாள். கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

கீழ் வீட்டு மாமா நாடகங்களுக்குத் தலைகள் செய்பவர். காகிதக் கூழும் பசையும் சேர்த்து ராஜா தலை, பூதத் தலை, யானைத் தலை என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார். தனி ஆள். மீசையில் எப்போதும் கொஞ்சம் பசை ஒட்டியிருக்கும். நான்கு வருஷமாக அவரும் அப்பாவும் படிக்கட்டில் பார்த்துக்கொள்வார்கள். “வெயில் ஜாஸ்தி, தம்பி” என்பார் மாமா. “ஆமாண்ணே” என்பார் அப்பா. மழைக்காலமானால், “நல்ல மழை”, “ஆமாண்ணே.” அதோடு சரி. அம்மா அதற்கு வானிலை அறிக்கை என்று பெயர் வைத்திருந்தாள்.

மிளகு வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து வந்த குளிர்ச்சி காலில் பட்டது. பானைக்குள் கையை விட்டது போல இருந்தது.

மாமா ஒரு பெரிய சிங்கத் தலைக்கு முன்னால் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். தனக்கு இல்லை, சிங்கத்துக்கு.

“என்ன மாமா, சிங்கத்துக்கு வேர்க்குதா?”

“காயமாட்டேங்குதும்மா,” என்றார் மாமா பரிதாபமாக. “ஆறு நாளாச்சு. தொட்டுப் பாரு, கன்னமெல்லாம் ஈரம். சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துல நாடகம். இன்னும் சாயம் பூசணும், பிடரி மயிர் ஒட்டணும். இன்னிக்குப் புதனாச்சு.”

“வெளியில அவ்வளவு வெயில் அடிக்குதே. கொண்டுபோய் வைக்க வேண்டியதுதானே?”

மாமா எழுந்து போய் ஒரு கரடித் தலையைத் தூக்கி வந்தார். நெற்றியிலிருந்து மூக்கு வரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. “வெளியில வெச்சேன். இப்படி ஆயிடுச்சு. நேர் வெயில் ஆகாது. நிழல் வேணும், ஆனா நல்ல சூடான நிழலா இருக்கணும். இந்த அறையில நிழல் இருக்கு, சூடு இல்ல.”

சூடான நிழல். முப்பத்தெட்டு டிகிரியில் அப்படி ஒரு இடம் மிளகுக்குத் தெரியும்.

அவள் வாயைத் திறக்கும் முன்பே மாமா தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். “மேல உங்க அறை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நாலு வருஷமா நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா உங்க அப்பா பகல்ல தூங்கறவராச்சே. தூங்கற மனுஷன்கிட்ட போய், சிங்கம் வைக்க இடம் கொடுங்கன்னு எப்படிக் கேட்கறது? அவரும் முடியாதுன்னு சொல்லத் தெரியாதவர். அவர்கிட்ட சொல்லிடாதம்மா.”

மிளகுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். “சொல்ல மாட்டேன், மாமா.”

இப்போது அவளிடம் இரண்டு ரகசியங்கள். இரண்டு கன்னத்திலும் அடக்கிய இரண்டு மிட்டாய்களைப் போல வாயை நிறைத்துக்கொண்டு நின்றன. அவற்றை வெளியே துப்பவும் முடியாது. மென்று விழுங்கவும் முடியாது.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

“மாமா, அந்த அறையில ஓரமா ஒரு மேசை இருக்கு. நான் படிக்கறது. அது அப்பாவோடது இல்ல, என்னோடது. லீவு விட்டாச்சு, புத்தகம்கூட அதுல இல்ல. அதுல எதை வைக்கணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?”

மாமா யோசித்தார். “அது நியாயம்தான்,” என்றார்.

இருவரும் சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு பூனை போலப் படியேறினார்கள். சமையலறையில் மேசைக்கு அடியிலிருந்து அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. மாமா அந்தக் கால்களை வருத்தத்தோடு பார்த்தார். சிங்கத்தைப் படிப்பு மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

அப்பாவின் சீருடை கூடத்தில் மாட்டியிருந்ததால், மாலையில் அவர் அந்த அறைக்குள் போகாமலே வேலைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை வந்து படுத்தவர், ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.

“மிளகு, நம்ம ரூம்ல ஒரு சிங்கம் இருக்கு.”

“தெரியும்பா.”

“தெரியுமா? சரி. தெரியாம இருக்கப் போகுதேன்னு சொன்னேன்.” திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். யாருடைய சிங்கம், எதற்கு வந்திருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்டால் அப்பாவே இல்லையே.

பன்னிரண்டு மணிக்கு வெப்பமானி வழக்கம்போல முப்பத்தெட்டில் நின்றது. அப்பா கழுத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிளகு சிங்கத்தின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்றது. நெற்றி, தாடை, மூக்கு எல்லாமே டொக் டொக். ஒரு விரிசல்கூட இல்லை.

“அப்பா, இது கீழ் வீட்டு மாமாவோடது. காயறதுக்காக வந்துச்சு. காஞ்சிடுச்சு. நான் ஒருத்தியாத் தூக்கினா படி தெரியாது. கொஞ்சம் வர்றீங்களா?”

யாராவது உதவி கேட்டால் அப்பா ஒரு நாளும் மறுத்ததில்லை. உடனே எழுந்தார்.

மாமா சிங்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “உட்காருங்க தம்பி, உள்பக்கம் ஒரு தடவை பார்த்துடறேன்,” என்று ஒரு மரப்பெட்டியைக் காட்டினார்.

அப்பா உட்கார்ந்தார். முதுகு சுவரில் பட்டது. சுவர் சில்லென்று இருந்தது.

“வெயில் ஜாஸ்தி, தம்பி,” என்றார் மாமா, சிங்கத்துக்குள் தலையை விட்டபடி.

“ஆமா…” என்றார் அப்பா.

அண்ணே என்பது வரவே இல்லை. மாமா சிங்கத்துக்குள்ளிருந்து தலையை எடுத்துப் பார்த்தார். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. முதல் குறட்டை மெல்லக் கிளம்பியது.

மாமா கையில் இருந்த சுத்தியலை ஓசையில்லாமல் கீழே வைத்தார். மிளகு கதவைப் பாதி சாத்தினாள். அன்று மதியம் முழுவதும் அந்த அறையில் யாரும் ஆணி அடிக்கவில்லை, பெட்டியை நகர்த்தவில்லை. மாமாவும் மிளகும் தரையில் உட்கார்ந்து சிங்கத்துக்கு மஞ்சள் சாயம் பூசி, நூல் நூலாகப் பிடரி ஒட்டினார்கள். பேச வேண்டியதையெல்லாம் புருவத்தாலேயே பேசிக்கொண்டார்கள். சிங்கத்துக்குப் பிடரி அடர அடர, அப்பாவின் குறட்டையும் அடர்ந்துகொண்டே போனது. இரண்டில் எது உண்மையான சிங்கம் என்று சைகையில் கேட்டார் மாமா. மிளகு அப்பாவைக் காட்டினாள்.

நான்கு மணிக்கு அப்பா கண் விழித்தார். எதிரே பிடரி சிலிர்த்த சிங்கம் ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பதறி எழுந்தார்.

“மன்னிச்சுக்கோங்கண்ணே. வேலையைக் கெடுத்துட்டேன்.”

“எங்க கெட்டுச்சு? முடிஞ்சே போச்சு, பாருங்க.”

அப்பா சிங்கத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மூலையில் வெடித்துக் கிடந்த கரடியைப் பார்த்தார். “இதை ஒட்டினா மறுபடியும் காய வைக்கணுமா?”

“ஆமா. அது கிடக்கட்டும், பார்த்துக்கலாம்.”

“எதுக்குக் கிடக்கணும்? மேல அனுப்புங்கண்ணே. மேசை போதலன்னா கட்டில்லயும் வைங்க. ரூம் முழுக்க எடுத்துக்கங்க.” கொடுப்பதென்றால் அப்பாவுக்கு நாக்கு தயங்குவதே இல்லை.

மாமாவின் கண்கள் விரிந்தன. நான்கு வருஷ நினைப்பு அவர் கேட்காமலே வந்து நின்றது. உடனே அவர் முகம் வாடியது. “அப்ப நீங்க எங்க தூங்குவீங்க, தம்பி?”

அப்பா தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கடைசியில் மிளகைப் பார்த்தார்.

மிளகு உதடுகளை இறுக்கிக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளே. அதுவும் இரண்டு பேரிடம். அவள் குனிந்து தன் விரல்களில் காய்ந்திருந்த மஞ்சள் சாயத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். காது மட்டும் நிமிர்ந்திருந்தது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். நெற்றியைத் துடைத்தார். அந்தக் குளிர்ந்த அறையிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

“அண்ணே,” என்றார். “உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்.”

“கேளுங்க.”

“தினமும் பகல்ல… இங்க ஒரு ஓரமா நான் படுத்துக்கட்டுமா?”