ஏழாவது முதல் தடவை

ஆவுடைச்செல்வி அந்தச் செய்தியை இரண்டாவது தடவையும் முதல் தடவையாகவே கேட்டாள்.

கையிலிருந்த சீனியவரைக்காய் நழுவித் தட்டில் விழுந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அடுத்த அறையில் சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெபினுக்கு அது எந்த நொடியில் வரும் என்று தெரியும். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு தடவை கேட்டிருந்தான்.

"மதினி, அண்ணன் மேல இருந்து விழுந்துட்டான்," என்று அவள் கொழுந்தன் இசக்கியின் குரல் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தது. "உசிரு இருக்கு. நாரோயில் ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். ஒங்களத்தான் கேக்கான். இப்பமே பொறப்பட்டு வாங்க." அத்தோடு இணைப்பு அறுந்தது.

கன்னியாகுமரிக் கடலில் நட்டிருக்கும் காற்றாலைகளில் ஏறி வேலை பார்ப்பவன் சுடலைமணி. பதினைந்து நாள் கடல், பதினைந்து நாள் வீடு. அன்றைக்கு மதியம் ஒரு மணிக்குப் பணகுடி வீட்டுக்கு வரவேண்டியவன். காய் அவனுக்காகத்தான் நறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஆவணப்படக் கல்லூரியின் கடைசி வருட மாணவர்கள் பெனிலாவும் ஜெபினும், கடல்காற்றாலைக்காரர்களின் மனைவிமார் பற்றிப் படமெடுக்க வந்திருந்தார்கள். வாசலைப் பார்த்துப் பார்த்துச் சமைக்கும் ஒரு பெண், அவ்வளவுதான் அவர்கள் எதிர்பார்த்த காட்சி. இப்படி ஒன்று வந்து விழும் என்று யாரும் நினைக்கவில்லை.

விழுந்ததும் பாழாய்ப் போனது. முதல் தடவை, 'விழுந்துட்டான்' என்ற சொல்லின் மேலேயே குக்கர் விசிலடித்துவிட்டது.

பொய்ப் படங்கள் உலகத்தை மூழ்கடித்த காலத்துக்குப் பிறகு வந்தது மெய்விளக்கு. காலரில் குத்திக்கொள்ளும் பொத்தான் அளவு விளக்கு. பேசுகிறவரின் நாடியையும் மூச்சையும் குரலையும் அளக்கும். உணர்ச்சி அப்போதுதான் பிறந்தது என்றால் பச்சை. முன்பே பழகிப் பார்த்தது என்றால் சிவப்பு. சொல்வது உண்மையா பொய்யா என்று அதற்குத் தெரியாது, ஒத்திகையா இல்லையா என்று மட்டும்தான் தெரியும். இதைக் கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது வகுப்புக்குள் மாணவர்கள் மறந்துவிட்டார்கள். ஊர் அதற்கும் முன்னாலேயே மறந்திருந்தது. பெண் பார்க்கப் போகிற வீட்டிலிருந்து கோர்ட்டு வரை பச்சை என்றால் மெய், பேச்சு முடிந்தது.

பச்சை எரியாத ஆவணப்படத்தை எந்தத் திரையும் வாங்காது. இதனால் ஆவணப்படக்காரர்களின் பழைய பழக்கம் ஒன்று செத்தது. 'அண்ணே, இன்னொரு தடவை அந்தக் கதவைத் திறந்து உள்ளே வாங்க' என்று இனி யாரையும் கேட்க முடியாது. இரண்டாவது தடவை வருகிறவர் நடிகர்.

அந்த நோய்க்கு மருந்தாக வந்ததுதான் மறுகணம். டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி. நினைவு மண்டைக்குள் இறுக இருபது நிமிடம் பிடிக்கும், பூசிய சிமெண்ட் போல. அதற்குள் பொத்தானை அமுக்கினால் அறையில் இருப்பவர்கள் மூன்று நிமிடம் கண்ணயர்ந்து, அந்த இருபது நிமிடம் இல்லாமல் விழிப்பார்கள். அயர்ந்ததே தெரியாது. விபத்தில் அடிபட்டவர்களுக்காகச் செய்த கருவி அது. இப்போது கல்யாண மண்டபத்தில் தாலி நான்கு தடவை கட்டப்படுகிறது, நான்கு தடவையும் பெண்ணின் கண் நிஜமாகவே கலங்குகிறது. கிரிக்கெட் ரசிகர்கள் கடைசி ஓவரை மறந்துவிட்டு மறுபடி நகம் கடிக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் முதலில் பெட்டியை எட்டி எடுப்பவர் ஜெயிக்கிறார்.

படப்பிடிப்பில் மறுகணத்துக்கு விதிகள் உண்டு. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் இயக்குநரும் மறக்கவேண்டும். செய்தி தெரிந்த முகம் காட்டிக்கொடுத்துவிடும். கவசத் தொப்பி போட்ட ஒருவர் மட்டும் மறக்காமல் அடுத்த அறையில் இருப்பார். அவருக்கு நினைவுக்காவல் என்று பெயர். எத்தனையாவது தடவை என்பதைப் படப்பிடிப்பு முடியும்வரை அவர் இயக்குநரிடம் சொல்லக்கூடாது. சொன்னால் படம் ரத்து, இருவருக்கும் ஒரு வருடம் போகும். படப்பிடிப்பு முடிந்ததும் முந்தைய பதிவுகளையும், அந்த இடத்து ஃபோனில் விழுந்த அழைப்புக் கணக்கையும் பெட்டியே அழித்துவிடும். யார் நினைவிலும் இல்லாதது நடக்காதது, இது சட்டம். காவல் இருப்பவனை அந்த 'யாரில்' சேர்த்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை கெட்டது தும்பியால். அறைக்குள் பறந்து படமெடுக்கும் அந்தக் கேமராவின் நிழல் ஆவுடையின் நெற்றியில் விழுந்துவிட்டது.

பெனிலா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஜெபினிடம் வந்தாள். அழுதிருந்தாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அதுதான் இதில் கொடுமை.

"வண்டிய எடு ஜெபின், அக்காவக் கூட்டிட்டுப் போவோம்," என்றாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். "நெழலு விழுந்துட்டே. ஒரே ஒரு தடவ எடுத்துருவோமா? இருவது நிமிசம்தானே. ஆஸ்பத்திரில எப்பிடியும் வெளியதான் நிக்க வைப்பாவ."

முதல் தடவைக்குப் பிறகும், நிழலுக்குப் பதில் விசில் என்பதைத் தவிர, இதே சொற்கள்தான், இதே இடத்தில் நின்றுதான். அவளுக்கு இது முதல் தடவை; ஒரே ஒரு தடவை கேட்பது பெரிய பாவமாக அவளுக்குப் படவில்லை. அவள் திரும்பிப் போய் ஆவுடையின் எதிரே உட்கார்ந்ததும் ஜெபின் பொத்தானை அமுக்கினான்.

அந்த மூன்று நிமிடத்தில் அவனுக்கு வேலை சரியாக இருக்கும். ஆவுடையின் முகத்தை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பெனிலாவின் முகத்தையும். நறுக்கிய காயை வாளியில் கொட்டிவிட்டு, வண்டியிலிருந்து புதுக் காய் கால் கிலோ எடுத்துத் தட்டில் பழையபடி வைக்கவேண்டும். காட்சியில் தீர்ந்துபோகிற எந்தப் பொருளுக்கும் கையிருப்பு வைத்துக்கொள்ளவேண்டும் என்று பாடம். ஒன்றரைக் கிலோ வைத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் காலையிலேயே கழற்றியாகிவிட்டது, அதுவும் பாடம்தான். அந்த வீட்டில் மணி பதினொன்று ஐந்திலேயே நின்றது.

நிற்காத கடிகாரம் ஜெபினிடம் இருந்தது. ஆவுடையின் ஃபோன் அவன் அறையில்தான், ஒலிப்பதிவுப் பெட்டியோடு கோக்கப்பட்டு, சத்தம் அடைக்கப்பட்டுக் கிடந்தது. முதல் அழைப்பு மட்டும்தான் நேராக ஒலிபெருக்கிக்குப் போனது. அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் ஜெபின் ஓடவிட்ட பதிவு. நிஜ இசக்கி ஃபோன் திரையில் மௌனமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான்கு தவறிய அழைப்புகள். ஏழு. பதினொன்று.

மூன்றாவது தடவை ஆவுடை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான்காவது தடவை மறுபடி தும்பி, அதன் ஃபோகஸ் அவள் கண்ணில் நிற்காமல் பின்னாலிருந்த சுவரில் போய் நின்றது. "ஒரே ஒரு தடவ எடுத்துருவோமா? இருவது நிமிசம்தானே." பெனிலா எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவாள் என்பதுகூட ஜெபினுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஐந்தாவது தடவை, செய்தி வருவதற்கு முன்னால், ஆவுடை கத்தியை வைத்துவிட்டுக் கையை உதறினாள்.

"என்னக்கா?" என்றாள் பெனிலா.

"ஒண்ணுமில்லட்டி. கை கடுக்கு. நாலு காய்தான் நறுக்கியிருப்பேன், அதுக்குள்ள." தொண்டையைச் செருமினாள். "தொண்டயும் கெட்டிப்போச்சு. அவிய வந்தா, யாருகிட்ட சண்டை போட்டேன்னு கேப்பாவ." சிரித்தாள்.

ஒலிபெருக்கியில் 'மதினி' என்ற ஒரு சொல் வந்தது. மீதியைக் கேட்காமலே அவள் அலறினாள். மெய்விளக்கு சிவப்பில் எரிந்தது. மனம் மறந்ததை உடம்பு ஒத்திகை பார்த்து வைத்திருந்தது.

ஜெபின் எழுந்து திரைச்சீலையைப் பிடித்தான். மணி பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. முதல் அழைப்புக்கே கிளம்பியிருந்தால் அவள் இந்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவன் வாயைத் திறந்தால் போதும். ஒரு வருடம் போகும், அவ்வளவுதான். பெனிலா உள்ளே வந்து, "ஒரே ஒரு தடவ," என்று தொடங்கினாள். அவன் சீலையை விட்டுவிட்டு உட்கார்ந்தான். அன்றைக்குச் செய்த எல்லாவற்றிலும் அந்த உட்கார்ந்ததற்குத்தான் அவன் இன்றுவரை வெட்கப்படுகிறான்.

ஆறாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோன் திரையில் எண்ணிக்கை பத்தொன்பதுக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. ஜெபின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இசக்கி கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

ஆறாவதிலும் விளக்கு சிவப்பு. ஏழாவது தடவை தட்டில் வைத்தது கையிருப்பின் கடைசிக் காய். இந்தத் தடவை உடம்பு களைத்திருந்தது. அலறக்கூடத் தெம்பில்லாமல், "என்னது?" என்று மட்டும் கேட்டாள் ஆவுடை, பச்சைப் பிள்ளையைப் போல. வெளிச்சம் சரி. ஒலி சரி. விளக்கு பச்சை. அப்படியே குறை இருந்தாலும் நறுக்கக் காய் இல்லை. பெனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "வண்டிய எடு," என்றாள். நிற்கவில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரி வாசலில் இசக்கி நின்றான். ஒன்று இருபதுக்கே எல்லாம் முடிந்திருந்தது.

"பதினோரு மணிக்கே சொன்னேனே மதினி!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ சொன்ன ஒடனே ஓடி வந்துட்டேம்லாய்யா," என்றாள் ஆவுடை. இருவர் சொன்னதும் மெய். பிறகு சொந்தக்காரர்கள் கூடி, ஃபோன் லைனைத் திட்டி ஓய்ந்தார்கள்.

வண்டியில் பெனிலாவும் ஜெபினும் மட்டும் இருந்தார்கள். அவள் வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை.

"எத்தன தடவ?" என்றாள். படப்பிடிப்பு முடிந்துவிட்டதால் இப்போது சொல்லலாம்.

"ஏழு."

"ஏழு தடவையும் நான்தான் கேட்டனா?"

"ஆறு தடவ. ஏழாவதுல கேக்கல."

அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பின் சீட்டிலிருந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தொப்பியப் போட்டுக்க ஜெபின்," என்றாள். அவன் போட்டுக்கொண்டான். தடுத்திருக்கலாம்; அதையும் செய்யவில்லை. மூன்று நிமிடம் கழித்து விழித்தவள், "அக்கா உள்ள போயிட்டாவளா?" என்று கேட்டாள். பிறகு, "நல்லவேளை, ஒரே டேக்ல கெடச்சுது," என்றாள். இந்தத் தடவை அவள் கடிகாரத்தின் பக்கம் திரும்பவில்லை.

படத்துக்கு 'மெய்' முத்திரை கிடைத்தது. வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். அந்த 'என்னது?'வுக்கு மொத்த அறையும் மூச்சை நிறுத்தியது.

நான்கு மாதம் கழித்து ஜெபின் கல்லூரியில் எழுதிக் கொடுத்தான். தன்மேலேயே புகார். விசாரணைக் குழு மூன்று பேரையும் அழைத்தது. ஆவுடை காலரில் விளக்கைக் குத்திக்கொண்டு, "ஃபோன் வந்தது, ஒடனே பொறப்பட்டேன்," என்றாள். பச்சை. பெனிலா, "எனக்கு நெனவு தெரிஞ்சு ஒரே தடவதான்," என்றாள். பச்சை.

ஜெபின் எழுந்தான். இந்த நான்கு மாதமும் பஸ்ஸில், குளிக்கும்போது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால், இதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சொல்கூடத் தவறிவிடக்கூடாது என்று. "நாங்க ஏழு தடவ எடுத்தோம். பத்தொம்பது அழைப்பு வந்தது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவங்க நேரத்துக்குப் போயிருந்தா புருஷன உசிரோட பாத்திருப்பாங்க."

காலரில் சிவப்பு எரிந்தது.

"மறுபடி சொல்லுங்க," என்றார் துறைத்தலைவர், பரிவாகத்தான். சொன்னான். சிவப்பு இன்னும் அழுத்தமாக எரிந்தது. சொல்லச் சொல்ல ஒத்திகை கூடுகிறது, என்ன செய்ய. "படிப்பு முடியற நேரத்துல இந்த மாதிரி மனக்குழப்பம் சில பேருக்கு வரும் தம்பி," என்றார் துறைத்தலைவர். படத்தின் முத்திரை செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் ஆவுடை காத்திருந்தாள். வெறுங்கழுத்து. நான்கு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தாள். ஜெபினின் காலரில் விளக்கு இன்னும் குத்தியே இருந்தது, கழற்ற மறந்துவிட்டான்.

"செவப்பு எரிஞ்சுதுன்னாவ," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"எனக்கு அந்தப் பொட்டி கணக்கெல்லாம் தெரியாது தம்பி. ஆனா அன்னைக்கி கால் கிலோ காய்தான் நறுக்குனேன். மூணு நாளு கை வீங்கிக் கெடந்துச்சு பாத்துக்க. அழுததுல வீங்குமா கை?" பெருவிரலைத் தடவிக்கொண்டாள். "அவிய கடைசி வர என்னயத்தான் கேட்டாவளாம். கேட்ட ஒடனே ஓடி வந்தேன்னு ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அத வச்சுத்தான் சோறு திங்கேன். நீ நெசத்தச் சொல்லு. எத்தன தடவ?"

நான்கு மாதம் மனப்பாடம் செய்த பதில் அவன் நாக்கில் தயாராக இருந்தது. அவன் அவள் கையைப் பார்த்தான்.

"ஒரே தடவதான்க்கா," என்றான். "ஃபோன் வந்த ஒடனே கெளம்பிட்டோம்."

அப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவன் அதுவரை நினைத்ததே இல்லை. காலரில் பச்சை எரிந்தது.

ஆவுடை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பம் சரிய்யா," என்று சொல்லிவிட்டு, பணகுடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், படியில் வேகமாக இறங்கிப் போனாள்.