ஐம்பத்தெட்டாவது பாரா

ஒரு விளம்பரத்தைக் கடைசி வரி வரை படித்துத் தொலைத்ததற்காக ஜெயிலுக்குப் போன மனிதன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான்.

அவனை எனக்குத் தெரியும்.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. இன்ஸ்பெக்டரும் நம்பவில்லை.

காலை ஒன்பது பத்து.

மூன்றாவது மாடி ஆபீஸில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டியவர் தரையில் கிடந்தார்.

முதலாளி!

மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பின்மண்டையில் ரத்தம். மூச்சு இல்லை. மேஜை விளிம்பிலும் கொஞ்சம். அவருக்குப் பின்னால் லாக்கர் 'ஆ'வென்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே ஒன்றுமில்லை.

முதலில் பார்த்தவள் எண்ணிக்கை அக்கா. எந்த விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவது அவள் வேலை. அன்றைக்கு அவள் போட்ட அலறலில் கீழே டயர் கடையில் நான்கு டயர்கள் காற்று இறங்கிவிட்டதாகச் சொல்வார்கள். எனக்கு மிகைப்படுத்தத் தெரியாது. மூன்று.

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். சுற்றிப் பார்த்தார். அந்த ஆபீஸில் எதை விற்கிறார்கள் என்று கேட்டார்.

"லாக்கர் சார்" என்றாள் அக்கா. "இன்டர்நெட்ல."

இன்ஸ்பெக்டர் திறந்து கிடந்த லாக்கரைப் பார்த்தார்.

"இதுவா?"

"இதேதான் சார்."

"நல்லா விக்குதா?"



காணாமல் போனது ஒரு ஹார்ட் டிஸ்க். எட்டு வருஷமாகச் சேர்த்த வாடிக்கையாளர்களின் பட்டியல் மொத்தமும் அதில்தான். போட்டிக் கம்பெனிக்காரன் கைக்குப் போனால், இந்த ஆபீஸில் விற்பதற்கு நாற்காலிகள் மட்டும்தான் மிச்சம்.

லாக்கரை உடைக்கவில்லை. நெம்பவில்லை. பூட்டின் எண் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் லாக்கரின் பின்னங்கால் ஒன்றிலிருந்து ரப்பர் மூடி கழன்று தரையில் கிடந்தது.

அந்த மூடிக்குள்ளே ஒரு குட்டிப் பொத்தான். எண்ணை மறந்துவிட்டவர்களுக்கான அவசர வழி. எட்டு நொடி அழுத்தினால் போதும், கதவு திறந்துகொள்ளும். இந்த விஷயம் எழுதியிருந்த கையேடு ஆபீஸில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதை ஒரு மேஜை டிராயரிலிருந்து கான்ஸ்டபிள் எடுத்தார்.

ரயிலின் டிராயர்.

அந்த ஆபீஸில் விளம்பரம் எழுத இரண்டு பேர். ஒருவர் ரயில். ஐம்பத்திரண்டு வயது. ஒரு தும்மலைப் பற்றி எழுதச் சொன்னால், மூக்கின் வரலாற்றிலிருந்து ஆரம்பிப்பார். வாங்குகிறவன் மனசில் எந்தச் சந்தேகமும் மிச்சம் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

இன்னொருவன் தந்தி. முதலாளியின் மச்சினன். மூன்று வரிக்கு மேல் எழுதவும் மாட்டான், படிக்கவும் மாட்டான் என்று பெருமையடித்துக்கொள்வான். அவன் மேஜையில் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த சாவிக்கொத்துகள் பதினொன்று கிடந்தன. சாவி ஒன்றுதான்.

எது விற்கும், நீளமா குட்டையா என்று தீர்மானிக்க முதலாளி ஒரு பந்தயம் வைத்தார். பதினைந்து நாளைக்கு, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரயிலின் பக்கம். மீதிப் பாதிக்குத் தந்தியின் பக்கம். பதினாறாவது நாள் காலை முடிவு. தோற்றவர் வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் பதினாறாவது நாள்தான் இன்று.

"நீங்கதான் தோத்துப் போவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சொல்லுவாங்க சார்."

"வேலை போகப் போகுது. ஆத்திரம். லாக்கரைத் திறக்கிற வித்தை தெரிஞ்ச ஒரே ஆளும் நீங்க. கிளம்புங்க."

ரயில் கிளம்பவில்லை.

"நான் மட்டும் இல்ல சார். அது விளம்பரத்துலயே இருக்கு."

"எது?"

"ரப்பர், பொத்தான், எட்டு நொடி. எல்லாம். ஐம்பத்தேழாவது பாரா."

 இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"லாக்கரை எப்படி ரகசியமாத் திறக்கிறதுன்னு... லாக்கர் விளம்பரத்துலயே எழுதினீங்களா?"

"எதையும் விட்டுடக் கூடாதுல்ல சார்."

"உங்க முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் படிக்கலை."

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். கட்டை விரல் வலித்து ஆள்காட்டி விரலுக்கு மாறினார். முதல் பாராவில் இரும்பு கண்டுபிடித்த கதை. ஒன்பதாவதில்தான் லாக்கர் தலை காட்டியது. நாலாயிரத்து முந்நூறு வார்த்தை!

அடுத்து தந்தியின் பக்கம்.

'திருடன் வருவான்.
திறக்க மாட்டான்.
இன்றே வாங்குங்கள்.'

அவ்வளவுதான்.

"இதுல பொத்தான் பத்தி இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுக்கு சார்?" என்றான் தந்தி சுவரில் சாய்ந்தபடி. "நான் கையேட்டைத் தொட்டதே இல்ல. போட்டோவைப் பார்த்தேன், எழுதினேன். இவரோடதை எவன் படிப்பான்? நான் ரெண்டாவது பாராவைத் தாண்டினது கிடையாது. பாவம் எங்க மாமா, இந்த மனுஷனுக்குப் பதினாலு வருஷம் சோறு போட்டாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்தது ஏதோ ஹோட்டல் இலவசமாகக் கொடுத்த பேப்பர் கைக்குட்டை.

இன்ஸ்பெக்டர் ரயிலிடம் திரும்பினார்.

"தம்பி சொல்றதுதான் நியாயம். இதை முழுசாப் படிச்ச ஒருத்தனைக் காட்டுங்க. ஒரே ஒருத்தன். உங்களை விட்டுடறேன்."

ரயில் எண்ணிக்கை அக்காவைப் பார்த்தார். தன் தலை அவள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

யார் எந்தப் பாரா வரை உருட்டினார்கள் என்பதை அது எண்ணி வைத்திருந்தது. அக்கா வாசிக்க வாசிக்க ரயில் சுருங்கிக்கொண்டே போனார். வந்தவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். இரும்பின் கதையிலேயே ஆயிரம் பேர் ஓட்டம். இருபதாவது பாராவில் எழுபது பேர். நாற்பதில் ஆறு. ஐம்பதில்...

அக்கா நிறுத்தினாள்.

"ஒருத்தர் சார். கடைசி வரி வரைக்கும் போயிருக்கார். நேத்து சாயங்காலம். ரெண்டு தடவை."

"இவரேதான் படிச்சிருப்பார்."

"ஆபீஸ் கம்ப்யூட்டர் கணக்குல வராது சார். வெளியில இருந்து வந்த ஆளு."

"வீட்ல உக்காந்து படிச்சிருப்பார். பேர் காட்டுதா?"

"பேர் காட்டாது சார்."

கான்ஸ்டபிள் ரயிலின் தோளைத் தொட்டார். இரண்டு அடி நடந்த ரயில் சட்டென்று நின்றார்.

"சார்... குடை!"

"வெளியில மழை இல்ல. நடங்க."

"அது இல்ல சார். ஐம்பத்தெட்டாவது பாரா."

விஷயம் இதுதான். யாராவது கடைசிவரை படிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ரயிலுக்கு ஒரு ஆசை. யாருக்கும் சொல்லாமல் கடைசிப் பாராவில் ஒரு பொறி வைத்திருந்தார். இதுவரை படித்த புண்ணியவானுக்கு ஒரு குடை இலவசம், பேரையும் முகவரியையும் இந்த மெயிலுக்கு அனுப்புங்கள் என்று. சொந்தக் காசில் ஒரு குடையும் வாங்கி அலமாரியில் வைத்தார். பதினான்கு நாள், தினமும் மெயிலைத் திறந்து பார்த்தார். ஒரு ஈ காக்கைகூட எழுதவில்லை. பதினைந்தாவது நாள் மனசு விட்டுப்போய்ப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

பதினைந்தாவது நாள் என்பது நேற்று.

இன்ஸ்பெக்டர் மெயிலைத் திறந்தார்.

ஒன்று வந்திருந்தது!

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேரை மட்டும் வாய்விட்டுச் சொன்னார். அப்படி யாரையும் அங்கே யாருக்கும் தெரியாது. முகவரியை ஒரு சீட்டில் எழுதி அக்காவிடம் நீட்டினார். எல்லோருக்கும் சம்பளச் சீட்டு அனுப்புகிறவள் அவள்.

படித்தாள். நிமிர்ந்தாள்.

"இது... தந்தி வீடு சார்."

தந்தி சாய்ந்திருந்த சுவரை விட்டு விலகினான்.

"அநியாயம் சார். நான் படிக்கவே இல்ல. என்னை மாட்டிவிட இவரே அனுப்பியிருக்கார்."

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார்.

"அப்படியும் இருக்கலாம். என் சர்வீஸ்ல குடைக்காக மாட்டினவனை நான் பார்த்ததில்ல." ரயிலைப் பார்த்தார். "அந்தக் குடை இருக்கா?"

ரயில் அலமாரியைத் திறந்து எடுத்தார். புத்தம் புதுக் குடை. இன்ஸ்பெக்டர் விரித்துப் பார்த்தார். மூடினார். எல்லோருக்கும் கேட்கும்படி கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

"நல்ல குடைதான். யார் கேட்டிருந்தாலும் வாக்கு வாக்குதானே. இதையே அந்த முகவரிக்குப் பார்சல் பண்ணிடுங்க."

"அது கறுப்பு" என்றான் தந்தி.

"இருக்கட்டுமே."

"நீலம்தானே கேட்டிரு..."

போன் அடித்தது. அடித்து நின்றது.

இன்ஸ்பெக்டர் திரையை மெதுவாக எல்லோர் பக்கமும் திருப்பினார். மெயிலின் கடைசி வரி: 'கறுப்பு வேண்டாம். நீலமாக இருந்தால் நல்லது.'

"பேரை மாத்திட்டே, கெட்டிக்காரன்" என்றார். "ஆனா குடை வீட்டுக்கு வந்து சேரணுமே. அதுக்காக முகவரியை மட்டும் நிஜமாக் குடுத்தே பாரு..."

ஹார்ட் டிஸ்க் அவன் கட்டிலுக்கடியில், ஷூ டப்பாவில் கிடைத்தது. ஷூவும் இலவசமாக வந்ததுதான்.

ஸ்டேஷனில் தந்தி வாக்குமூலம் எழுதினான்.

'மாமா சீக்கிரம் வந்துவிட்டார்.
தள்ளினேன்.
எழுந்திருக்கவில்லை.'

இன்ஸ்பெக்டர் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"கோர்ட்டுக்கு இது பத்தாதுப்பா. உங்க ரயில் மாதிரி எழுது."

பேனாவை மறுபடி எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்பது பக்கம் எழுதினான். போட்டிக் கம்பெனிக்காரன் பேசிய பேரம், பொத்தான், எட்டு நொடி, எல்லாவற்றோடும்.

ஆபீஸை இப்போது முதலாளியம்மா நடத்துகிறார். தம்பியைப் பற்றி அவர் பேசுவதில்லை. பந்தயத்தின் முடிவை மட்டும் கேட்டார். அக்கா கூட்டிச் சொன்னாள். விற்ற லாக்கர்கள், நீளம் முப்பத்தொன்று. குட்டை முப்பத்தொன்று. சமம்.

ரயில் ஐம்பத்தேழாவது பாராவை மட்டும் எடுத்துவிட்டார். அவர் எழுதியதை அவரே சுருக்கியது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ரயிலின் போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர்.

"ஒரு மனுஷன் அதை முழுசாப் படிச்சான்னு என் மேலதிகாரியே நம்ப மாட்டேங்கறார்யா. நானும் உள்ளுக்குள்ள நம்பலைதான். முடியவே முடியாதுன்னு நிரூபிக்கலாம்னு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன்."

"எந்தப் பாராவுல எழுந்தீங்க சார்?"

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு லாக்கர் வாங்கிட்டேன்யா."

ரயில் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு!

"அப்போ நம்பறீங்களா சார்?"

"நம்பறேன். நடந்தது நடந்ததுதான். அப்புறம்... அந்தக் கறுப்புக் குடை இன்னும் அங்கதானே இருக்கு? எனக்குக் கலர் ஒண்ணும் பிரச்னை இல்ல."