சாவி தராத கான்ட்ராக்டர்

ஃபோன் அதிர்ந்தது.

சிங்கப்பூரின் சிராங்கூனில், பெயின்ட் வாசனை போகாத அந்தப் புது வீட்டின் ஹாலில் நின்றிருந்த ரக்ஷனா அதை எடுத்தாள்.

மறுமுனையில் கணவன் அர்ஜுன்.

“சைன் பண்ணிட்டியா?”

“இல்ல அர்ஜுன். ஸ்டோர் ரூம் அளவு தப்பு. பிளான்ல நாலு மீட்டர். இங்க மூணுகூட இல்ல.”



“அதுக்கா சண்டை? பேசாம சைன் போட்டு சாவிய வாங்கு. அரை மணி நேரத்துல வந்துடறேன். இன்னிக்கே குடி வந்துடலாம்.”

வைத்துவிட்டான்.

எதிரே கான்ட்ராக்டர் நெய்னா முகம்மது. ஐம்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் பென்சில். முகத்தில் வியர்வை... ஏ.சி. ஓடியும்.

வீட்டை ஒப்படைக்க வேண்டிய தேதி போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. முதலில் டைல்ஸ் நிறம் மாறி வந்தது. பிறகு ஜன்னல் பொருந்தவில்லை. பிறகு கட்டிய மாடிப்படியையே இடித்துத் திரும்பக் கட்டினார். பழைய வீட்டை இடித்ததிலிருந்து காத்தோங்கில் அம்மா வீட்டில் இருந்த ரக்ஷனா, இந்த ஐந்து மாதத்தில் அவரைத் திட்டாத நாளில்லை. அர்ஜுன் ஆஃபீஸ் பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்துக்கொண்டான்.

“மிஸ்டர் நெய்னா, அந்தச் சுவருக்குப் பின்னால என்ன இருக்கு?”

“பைப்பு.”

“பிளான்ல பைப் இல்லையே.”

“மேடம்... கிச்சன் கேபினெட் ஒண்ணு சரியா மூடல. அடுத்த வாரம் ஹேண்டோவர் வச்சுக்கலாமா?”

“மறுபடியுமா? முடியாது லா. நானே தட்டிப் பாக்கறேன்.”

“வேணாம் மேடம்.”

குரல் மாறியிருந்தது.

அவர் வாசல் கதவுக்குப் போனார். சாத்தினார். தாழ் போட்டார்.

ரக்ஷனா ஓரடி பின்வாங்கினாள்.

“எதுக்குக் கதவைப் பூட்டறீங்க?”

அவர் அவளை நோக்கி நடந்து வந்தார்.

அவள் ஸ்டோர் ரூமுக்குள் ஓடினாள். கடைசிச் சுவரில் முதுகு மோதியது.

டொக்.

செங்கல் சத்தமில்லை. பலகை.

சுவர்... உள்பக்கமாகத் திறந்துகொண்டது.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. நான்கு பக்கமும் கனமான ஃபோம். கதவின் வெளிப்பக்கம், பலகையோடு பலகையாகப் பதித்த இரண்டு தாழ்ப்பாள்கள். உள்பக்கம் ஒரு கைப்பிடிகூட இல்லை.

நடுவில் ஒரு சூட்கேஸ்.

அவளுடைய சூட்கேஸ். அர்ஜுனின் ரூமில் இருக்க வேண்டியது.

திறந்தாள். அவளுடைய துணிகள். அவளுடைய பாஸ்போர்ட். மேலே ஒரு கடிதம்.

‘அர்ஜுன், உன்னோடு வாழ முடியாது. போகிறேன். என்னைத் தேடாதே. ரக்ஷனா.’

அவள் எழுதாத கடிதம்.

அதில் நாளைய தேதி.

“சத்தம் போடாதீங்க.” பின்னால் நெய்னாவின் குரல். “உள்ளயே இருங்க.”

வெளியே கார் வந்து நின்றது. வாசல் கதவு தட்டப்பட்டது. நெய்னா போய்த் திறக்கும் ஓசை. ரக்ஷனா கடிதத்தைக் கையில் இறுக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கூட்டு...

“எங்க அவ?” அர்ஜுனின் குரல்.

“ரூமைக் கண்டுபிடிச்சுட்டாங்க சார். உள்ளதான் இருக்காங்க.”

“நல்லதாப் போச்சு. தாழ்ப்பாளைப் போடு. ரெண்டு நாள்ல எல்லாம் முடிஞ்சிடும். அப்புறம் செங்கல் வச்சுப் பூசிடு.”

“அதை இன்னொரு தடவை சொல்லுங்க, மிஸ்டர் அர்ஜுன்.”

அது ஒரு பெண்ணின் குரல்.

கிச்சன் பக்கமிருந்து வந்தாள் சார்ஜண்ட் ஹம்னா. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். அர்ஜுன் வாசலுக்குப் பாய்ந்தான். மூன்றாவது அடியில் தரையில் கிடந்தான்.

விலங்கு மாட்டி அவனைக் கொண்டுபோன பிறகும் ரக்ஷனா மாடிப்படியில் உட்கார்ந்தே இருந்தாள்.

“குவீன்ஸ்டவுன்ல ஒரு பொண்ணு,” என்றாள் ஹம்னா மெல்ல, அர்ஜுனின் ஃபோனைப் பார்த்தபடி. “அடுத்த மாசம் கல்யாணம்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கான்.”

ரக்ஷனா நெய்னாவைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மியூசிக் ரூம், மனைவிக்கு சர்ப்ரைஸ்னுதான் கட்டச் சொன்னார். கட்டினேன். அப்புறம் காத்து வர்ற ஓட்டையை அடைக்கச் சொன்னார். தாழ்ப்பாளை வெளியில போடச் சொன்னார். பாட்டு கேக்கறவங்களுக்கு மூச்சு வேணாமா சார்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னார். நான் தலையாட்டினதும் அவர் பக்கம்தான்னு நினைச்சுட்டார்.”

“அப்பவே போலீஸுக்குப் போயிருக்கலாமே?”

“தாழ்ப்பாள் தப்பான பக்கம் இருக்குன்னு கம்ப்ளெயின்ட் கொடுக்கவா? யாரு நம்புவா? அவர் வேற சும்மா விடமாட்டாரு. இன்னிக்கு நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அந்தப் பெட்டியைப் பாத்தேன். உடனே ஃபோன் பண்ணிட்டேன். பின்வாசல் வழியா போலீஸ் வர்ற வரைக்கும் அவர் உள்ள வந்துடக் கூடாதுன்னுதான் தாழ் போட்டேன். உங்ககிட்டயே சொல்லியிருக்கலாம்... வாய் வரல.”

“அதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வீடு முடியாத வரைக்கும் நீங்க உங்கம்மா வீட்டுலதானே இருப்பீங்க. அதான்... டைல்ஸை மாத்தினேன். ஜன்னலைத் தப்பா செஞ்சேன். நல்லா இருந்த படியை இடிச்சேன்.”

ரக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து மாதமாகத் திட்டிய ஒவ்வொரு நாளும்... அவர் அவளை உயிரோடு வைத்திருந்த நாள்.

ஹம்னா நோட்டுப் புத்தகத்தை மூடினாள். பெருமூச்சு விட்டாள்.

“என் வீட்டு ரெனோவேஷனும் மூணு மாசமா இழுக்குது லா. இனிமே கான்ட்ராக்டரைத் திட்டறதுக்கு முன்னாடி... என் புருஷனை ஒரு தடவை விசாரிச்சுக்கறேன்.”